நிறுத்தப்பட்ட ஊசி, திரும்பி வந்த ஊசி

2008 ஜனவரியில் இலங்கை தன் குழந்தைகளுக்கு ஒரு புதிய ஊசியைப் போடத் தொடங்கியது. தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி, ஹெபடைட்டிஸ் பி, ஹிப் கிருமித் தொற்று ஆகிய ஐந்தையும் ஒரே குத்தில் தடுக்கும் பென்டாவலன்ட் ஊசி அது. மூன்று மாதத்துக்குள், ஊசி போட்ட பிறகு நான்கு குழந்தைகள் இறந்ததாக அறிக்கைகள் வந்தன. உடல் தளர்ந்து, நிறம் வெளிறி, கூப்பிட்டால் அசையாமல் கிடந்ததாக இன்னும் 24 குழந்தைகளைப் பற்றிச் சந்தேகப் பதிவுகள் வந்தன. சுகாதார அமைச்சு முதலில் அந்த மருந்துத் தொகுதியை மட்டும் நிறுத்தியது. அடுத்த தொகுதி வந்தது. அதைப் போட்ட பிறகு இன்னொரு குழந்தை இறந்தது. அதோடு நாடு முழுவதும் அந்த ஊசி நிறுத்தப்பட்டு, முதல் மூன்று நோய்களுக்கான பழைய முக்கூட்டு ஊசியும் தனி ஹெபடைட்டிஸ் பி ஊசியும் திரும்பி வந்தன.

இந்த வரலாற்றின் முற்பாதியை மட்டும் வெட்டி வட்ஸ்அப்பில் அனுப்பினால் எந்தத் தாய்க்கும் கை நடுங்கும். திருகோணமலை மாவட்டத்தில் கின்னியாவிலோ மூதூரிலோ குச்சவெளியிலோ இரண்டு மாதப் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு அடுத்த கிளினிக் நாளன்று வீட்டிலேயே இருந்துவிட்டால், அவளை அறியாதவள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பிள்ளை மேல் உள்ள பயம் அது. அதட்டினால் அந்தப் பயம் போகாது. அதற்குப் பதில் வேண்டும்.

அந்தப் பதிலை எங்கே தேடுவது, கிடைத்ததை எப்படி எடைபோடுவது என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். என் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஊசியால் வரக்கூடிய கெடுதியை எண்ணிக்கையோடு சொல்லும் இடத்தை நம்புங்கள். ஒரு கெடுதியும் வராது என்பவரையும், கெடுதியைத் தவிர வேறொன்றும் வராது என்பவரையும் ஒரே தூரத்தில் வையுங்கள்.

2008 வரலாற்றின் பிற்பாதிக்கு வருவோம். இலங்கையில் தடுப்பூசிக்குப் பின் நேரும் பாதகங்களைப் பதிவுசெய்யும் முறை 1996இலேயே தொடங்கிவிட்டது. கிளினிக்கில் எழுதப்படும் பதிவு சுகாதார வைத்திய அதிகாரி வழியாகக் கொழும்பிலுள்ள தொற்றுநோய்ப் பிரிவுக்குப் போகும். அந்தப் பதிவுகள் இல்லையென்றால் அந்த மரணங்கள் அந்தந்த ஊர்களின் தனித்தனித் துக்கங்களாகவே முடிந்திருக்கும். யாரும் அவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். உள்நாட்டு நிபுணர்களும் உலக சுகாதார நிறுவனம் அழைத்த வெளிநாட்டு நிபுணர்களும் ஒவ்வொரு மரணத்தையும் ஆராய்ந்தார்கள். மரணங்களுக்கு ஊசி காரணமாக இருந்திருக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். உடல் தளர்ந்து கிடக்கும் நிலை வேறு விஷயம். கொன்ற முழுக் குக்கல் கிருமியைக் கொண்டு செய்யும் ஊசிகளுக்குப் பிறகு அரிதாக அப்படி நேர்வது வைத்திய உலகம் நெடுங்காலமாக அறிந்ததுதான். பார்ப்பவரைப் பதறவைக்கும்; ஆனால் நிமிடங்களிலோ சில மணித்தியாலங்களிலோ தெளிந்து, நிலையான பாதிப்பு எதையும் விடாமல் போய்விடும்.

இதற்குள் இன்னொன்று நடந்தது. பழைய முக்கூட்டு ஊசி போட்ட ஒரு குழந்தையும் இறந்தது. பல பத்தாண்டுகளாகப் போட்டுவந்த, யாரும் சந்தேகப்படாத ஊசி அது. பெற்றோர் அதற்கும் பயந்தார்கள். ஆனால் ஆராய்பவர்களுக்கு அந்தத் துயரம் ஒரு கேள்வியை எழுப்பியது: எந்த ஊசி போட்டாலும் சில மரணங்கள் அதற்கு அடுத்த நாளில் விழத்தானே செய்யும்?

இந்த இடத்தில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஒரு நாட்டில் இரண்டு மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடையில், ஊசியோடு தொடர்பே இல்லாத காரணங்களால், ஆண்டுக்கு 300 குழந்தைகள் இறப்பதாக வைத்துக்கொள்வோம். பிறவி இருதயக் குறை, நிமோனியா, தூக்கத்தில் காரணம் தெரியாமல் நேரும் மரணம் என்று அது பலவகைப்படும். அந்த இடைவெளி ஏறத்தாழ 120 நாள். எல்லாக் குழந்தைக்கும் அதற்குள் மூன்று ஊசி. ஊசி நாளையும் மறுநாளையும் சேர்த்தால் ஆறு நாள், அதாவது இருபதில் ஒரு பங்கு. அப்படியானால் ஊசியில் வெறும் தண்ணீர் இருந்தாலும் 15 குழந்தைகள் ஊசி போட்ட அன்றோ மறுநாளோ இறந்திருப்பார்கள். பெற்றவளுக்கு இந்தக் கணக்கு ஆறுதல் ஆகாது. ஆனால் இதைப் போடாமல் எந்த மரணத்தையும் ஊசியின் மேல் சுமத்தவும் முடியாது, ஊசியை அதிலிருந்து விடுவிக்கவும் முடியாது. ஊசி போட்டவர்களிடையே எதிர்பார்த்ததைவிட அதிகமாக நடந்ததா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. உங்கள் கைபேசிக்கு வரும் செய்தி அந்த ஒப்பீட்டைச் செய்திருக்கிறதா என்று பாருங்கள்.

2010இல் பென்டாவலன்ட் ஊசி திரும்பி வந்தது. இன்றும் இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் அதுதான் போடப்படுகிறது. நிபுணர் குழு மரணங்களை வகைப்படுத்திய முறையைத் தில்லியைச் சேர்ந்த குழந்தை வைத்தியர் ஜேக்கப் புலியேல் போன்றோர் எதிர்த்து எழுதினார்கள் என்பதையும் சொல்லவேண்டும். அவர்கள் முடிவோடு நான் உடன்படவில்லை. ஆனால் அந்த எதிர்ப்பு பெயரோடும் காரணத்தோடும் வைத்திய இதழ்களில் அச்சாகியிருக்கிறது. பதில் சொல்லவும் முடிந்தது. யார் பேசுகிறார் என்று தெரியாத ஒரு வட்ஸ்அப் குரல் பதிவோடு அப்படி வாதாட முடியாது.

நிறுத்தத் தெரிந்த ஓர் அமைப்புக்குத் திருத்தவும் தெரிந்ததா? இதற்கும் நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. பல தாய்மார் கிளினிக்கில் கேட்கும் கேள்வி இது: மூத்த பிள்ளைக்குச் சின்னமுத்து ஊசியை ஒரு வயதில் போட்டீர்கள், இளைய பிள்ளைக்கு ஏன் ஒன்பது மாதத்தில் போடுகிறீர்கள்? ஏதோ குழப்பம் என்றுதான் தோன்றும். நடந்தது இதுதான். 2011இல் சின்னமுத்து, கூவைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான எம்.எம்.ஆர். ஊசி தேசிய அட்டவணையில் சேர்ந்தபோது, முதல் ஊசியை ஒரு வயதுக்குத் தள்ளினார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குழந்தையின் இரத்தத்தில் மிச்சமிருந்தால் அது ஊசியின் வேலையைக் கெடுக்கும். ஒரு வயதில் அது வடிந்திருக்கும், ஊசி நன்றாகப் பிடிக்கும். நாட்டில் சின்னமுத்து இல்லாதவரை இது நல்ல முடிவு. 2013–14இல் சின்னமுத்து திரும்பப் பரவியது. பாதிக்கப்பட்டவர்களில் ஒரு வயதை எட்டாத குழந்தைகள் நிறையப் பேர். தாய் கொடுத்த காப்பு வடிந்துபோய், ஊசியின் காப்பும் வராத அந்த இடைவெளியில் கிருமி புகுந்தது. 2015இல் முதல் ஊசியை மீண்டும் ஒன்பது மாதத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி ஒரு வயதுக்குப் போனது. மாற்றத்துக்குக் காரணம் பதிவேட்டில் இருக்கிறது. அதைக் கேட்டால் சொல்லக் கடமைப்பட்டவர் உங்கள் கிளினிக்கில் இருக்கிறார்.

அந்தக் காரணம் தமிழில் எளிதாகக் கிடைக்கிறதா என்றால், இல்லை. தொற்றுநோய்ப் பிரிவு வாரம்தோறும் வெளியிடும் அறிக்கையில் ஒவ்வொரு மாவட்டத்திலும் என்ன நோய் எத்தனை பேருக்கு என்று அச்சிடுகிறார்கள். திருகோணமலைக்கும் ஒரு வரி உண்டு. ஆனால் அது ஆங்கிலத்தில் வருகிறது. மூன்று சமூகமும் கலந்து வாழும், பெரும்பான்மையோர் தமிழில் படிக்கும் மாவட்டத்துக்கு இது ஒரு குறை, அதை அரசிடம் உரத்துக் கேட்கவேண்டும். இந்த வெற்றிடத்தில் யூடியூப் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தமிழில் தேடினால் முதலில் வருவது தமிழ்நாட்டு வைத்தியர்களின் காணொளிகள். பல நல்லவை. ஆனால் அவர்கள் சொல்வது இந்திய அட்டவணை. அங்கே பென்டாவலன்ட் 6, 10, 14 வாரங்களில். நம் தாய் அதைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு ஏழு வாரமாகிவிட்டதே, தவறவிட்டோமே என்று கலங்குகிறாள். எதுவும் தவறவில்லை. இங்கே அது இரண்டு மாதத்தில்தான்.

லண்டனில் இருக்கும் சித்தி ஒன்று சொல்வாள், ரொறன்ரோவில் இருக்கும் மாமா இன்னொன்று சொல்வார். அங்கே பிறந்தவுடன் பி.சி.ஜி. ஊசி எல்லாருக்கும் போடுவதில்லையாம், இங்கே ஏன் போடுகிறார்கள் என்று கேட்பார்கள். அங்கே காசநோய் குறைவு; இங்கே அது இன்னும் ஓயவில்லை. மூளைக்காய்ச்சல் ஊசி அங்கே யாருக்கும் தெரியாது. 1985–86இல் அநுராதபுரப் பகுதியில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரிதாகப் பரவி உயிர்களை எடுத்த பிறகு, 1988இல் ஆபத்து அதிகமான மாவட்டங்களில் அந்த ஊசி தொடங்கியது. வயலில் தேங்கும் தண்ணீரில் பெருகும் நுளம்பு அதைப் பரப்புகிறது. திருகோணமலையின் கந்தளாயையும் தம்பலகாமத்தையும் சுற்றி எவ்வளவு வயல் இருக்கிறது என்று பார்த்தவர்களுக்கு மேலும் விளக்கம் வேண்டியதில்லை. அட்டவணை என்பது அந்தந்த மண்ணின் நோயைப் பார்த்து எழுதுவது. எந்த நாட்டுத் தகவல், எந்த ஆண்டுத் தகவல் என்ற இரண்டும் தெரியாத காணொளி எவ்வளவு அழகாகப் பேசினாலும் உங்கள் பிள்ளைக்கு உதவாது.

ஓட்டிசம் பயம் மட்டும் எல்லா நாட்டுக்கும் பொது. அதன் மூலம் 1998 பெப்ரவரியில் லான்செட் இதழில் வந்த ஒரு கட்டுரை. அன்ட்ரூ வேக்ஃபீல்டும் உடன் எழுதியவர்களும் ஆராய்ந்தது மொத்தம் 12 பிள்ளைகளை. எம்.எம்.ஆர். ஊசி தயாரிப்பாளர்கள் மேல் வழக்குப் போட முயன்ற பெற்றோரின் சட்டத்தரணியிடமிருந்து வேக்ஃபீல்டுக்குப் பணம் போனதை 2004இல் பிரையன் டீர் என்ற பத்திரிகையாளர் வெளிப்படுத்தினார். 2010இல் லான்செட் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. பிரித்தானிய வைத்தியப் பதிவேட்டிலிருந்து வேக்ஃபீல்டின் பெயரும் நீக்கப்பட்டது. எழுதியவர் ஒழுக்கம் கெட்டவர் என்பதால் மட்டும் அவர் சொன்னது பொய்யாகிவிடாது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் மற்றவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். டென்மார்க்கில் 6,57,461 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் இடையே ஓட்டிசத்தில் வேறுபாடு இல்லை. ஜப்பான் வேறு காரணத்துக்காக 1993இல் எம்.எம்.ஆர். ஊசியை நிறுத்தியது. அதன் பிறகு யோகோஹாமாவில் பிறந்த, அந்த ஊசியே போடாத பிள்ளைகளிடையேயும் ஓட்டிசம் கண்டறியப்படுவது கூடிக்கொண்டேதான் போனது. பேச்சு வரவேண்டிய, முகம் பார்த்துச் சிரிக்கவேண்டிய வயதில்தான் ஓட்டிசம் வெளியே தெரிகிறது. ஊசியும் அதே வயதில் வருகிறது. இரண்டும் அருகருகே நடந்ததைக் கண்ணால் பார்த்த தாயின் சந்தேகம் புரிந்துகொள்ளக்கூடியதே. அதைத் தீர்த்துவைக்க 12 பிள்ளைகள் போதாது, ஆறரை லட்சம் பிள்ளைகள் வேண்டியிருந்தது.

முஸ்லிம்கள் நிறைய வாழும் கின்னியா, மூதூர்ப் பக்கம் இன்னொரு கேள்வி உண்டு: ஊசியில் பன்றி ஜெலட்டின் இருக்கிறதா? சிலர் இதைக் கேட்கவே கூச்சப்பட்டு, ஊசியையே தள்ளிப்போட்டு விடுகிறார்கள். கேட்கவேண்டிய கேள்வி இது. சில தயாரிப்புகளில், மருந்து வெப்பத்தில் கெடாதிருக்க ஜெலட்டின் சேர்ப்பதுண்டு. எந்தத் தயாரிப்பில் உண்டு, எதில் இல்லை என்பது மருந்துப் பெட்டியோடு வரும் தாளில் எழுதியிருக்கும். சுகாதார வைத்திய அதிகாரி அதைப் பார்த்துச் சொல்லமுடியும். மார்க்கம் பற்றிய பாதிக்கு விடை 1995இல் குவைத்தில் கூடிய இஸ்லாமிய வைத்திய விஞ்ஞான அமைப்பின் கருத்தரங்கிலிருந்து வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட அறிஞர்கள் கலந்துகொண்ட அந்தக் கூட்டம், ஒரு பொருள் முற்றிலும் வேறொரு பொருளாக உருமாறிவிட்டால் அதன் சட்டநிலையும் மாறும் என்ற அடிப்படையில் ஜெலட்டினை அனுமதித்தது. உங்கள் ஊர் ஆலிமிடம் இதை எடுத்துச் சென்று பேசலாம். வைத்தியருக்குத் தெரிந்ததை வைத்தியரிடமும் மார்க்கம் அறிந்தவருக்குத் தெரிந்ததை அவரிடமும் கேட்பது முறையானது. இரண்டும் தெரியாத மூன்றாமவர் பேஸ்புக்கில் எழுதுவதைக் கொண்டு முடிவெடுக்க வேண்டியதில்லை.

மருந்தின் தரத்தைப் பற்றிய பயமும் காரணமில்லாதது அல்ல. 2023இல் அரச வைத்தியசாலைகளுக்குத் தரமற்ற இம்யூனோகுளோபுலின் வழங்கப்பட்ட விவகாரம் வெடித்து, முன்னாள் சுகாதார அமைச்சரே 2024 பெப்ரவரியில் கைதானார். அது தடுப்பூசி அல்ல. ஆனால் அதைப் படித்த பெற்றோர் எல்லாக் குப்பியையும் சந்தேகத்தோடு பார்த்தால் தவறு அவர்களுடையது அல்ல. தடுப்பூசிக் குப்பியில் பெற்றோர் தாமே பார்க்கக்கூடிய ஒன்று இருக்கிறது. போலியோ சொட்டு உட்படப் பல குப்பிகளில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சிறு சதுரமும் அச்சிட்டிருக்கும். தடுப்பூசி 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்கவேண்டும். வெப்பம் பட்டால் அந்தச் சதுரம் மெல்ல மெல்லக் கறுக்கும். ஒருமுறை கறுத்தது திரும்ப வெளுக்காது. சதுரம் சுற்றியுள்ள வட்டத்தைவிட வெளிறியிருக்கும்வரை மருந்தைப் பாவிக்கலாம். இரண்டும் ஒரே நிறமானால் எறியவேண்டும். ஏப்ரல், மே மாதத்துத் திருகோணமலை வெயிலில் இந்தச் சின்ன அடையாளத்துக்கு வேலை அதிகம். காட்டச் சொல்லிக் கேளுங்கள். நல்ல மிட்வைப் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இனி, தொடக்கத்தில் சொன்ன கெடுதியின் எண்ணிக்கைகள். பென்டாவலன்ட் போட்ட பல குழந்தைகளுக்கு அன்றிரவோ மறுநாளோ காய்ச்சல், குத்திய இடத்தில் வீக்கம், விடாத அழுகை வரும். எம்.எம்.ஆர். ஊசிக்கு அப்படி உடனே வராது. உயிருள்ள, வலுவிழக்கச் செய்த கிருமி பெருக நாள் எடுப்பதால் ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் சிலருக்குத் தடிப்பும் வரும். அந்த ஊசியால் காய்ச்சல் வலிப்பு வருவது ஏறத்தாழ 3,000 முதல் 4,000 பிள்ளைகளில் ஒருவருக்கு. உயிராபத்தான கடும் ஒவ்வாமை ஏறத்தாழ பத்து லட்சம் ஊசிக்கு ஒன்று. அது பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே வரும், அதனால்தான் ஊசி போட்டவுடன் போகவிடாமல் 20, 30 நிமிடம் இருக்கச் சொல்கிறார்கள். அந்த நேரத்தைக் கேள்வி கேட்கப் பயன்படுத்துங்கள். வீட்டுக்கு வந்த பிறகு பிள்ளை மூச்சுத் திணறினாலோ, தளர்ந்து வெளிறினாலோ, வலிப்பு வந்தாலோ, பனடோல் கொடுத்துக் காத்திருக்காமல் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். பிறகு அதை மிட்வைப்பிடம் சொல்லிப் பதிவுசெய்ய வையுங்கள். 2008இல் பென்டாவலன்ட் ஊசியை நிறுத்தவைத்தவை அப்படிப்பட்ட பதிவுகளே.

தராசின் மறுதட்டையும் எண்ணிச் சொல்லவேண்டும். நாட்டின் கடைசி போலியோ நோயாளி பதிவானது 1993இல். 1995 முதல் தேசிய போலியோ தினங்கள் நடந்தபோது இங்கே யுத்தம். வடக்கிலும் கிழக்கிலும் சொட்டு மருந்து போடுவதற்காக இரு தரப்பும் துப்பாக்கிகளை ஓயவிட்டன. வேறெதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒத்துப்போனார்கள் என்பது எனக்கு இன்றும் மனதை நெகிழவைக்கும் செய்தி. 2019இல் சின்னமுத்தை ஒழித்த நாடாக இலங்கை அங்கீகாரம் பெற்றது. நான்கே ஆண்டில், 2023இல், அது திரும்பி வந்தது. 2024 ஜனவரியில் 9 மாவட்டங்களில் ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு மேலதிக ஊசி போடவேண்டியதாயிற்று. எதிர்ப்புச் சக்தி யாருக்கும் இல்லாத இடத்தில் சின்னமுத்துக்காரர் ஒருவர் 12 முதல் 18 பேருக்குக் கொடுப்பார். அதனால் நூற்றில் 95 பேருக்குக் காப்பு இருந்தால்தான் அது நிற்கும். ஒரு ஊரின் சில ஒழுங்கைகளில் மட்டும் ஊசி விடுபட்டாலே அதற்கு வழி கிடைத்துவிடும்.

நம்பகமான தகவலுக்கு எங்கே போவது என்று ஒரே வரியில் கேட்டால், முதலில் உங்கள் பகுதி மிட்வைப்பிடம், அவருக்குத் தெரியாவிட்டால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு என்பேன். தொற்றுநோய்ப் பிரிவு, குடும்ப சுகாதாரப் பணியகம், சுகாதார மேம்பாட்டுப் பணியகம் ஆகியவற்றின் இணையதளங்கள் அதற்கு அடுத்தவை. மிட்வைப்பை முதலில் வைப்பதற்குக் காரணம், அவருக்கு உங்கள் பிள்ளையின் பிறந்த நிறை தெரியும், போன ஊசிக்கு வந்த காய்ச்சல் தெரியும், அடுத்த மாதமும் அவர் அதே ஊரில்தான் இருப்பார். சொன்னது பிழைத்தால் அவரிடம் திரும்பப் போய்க் கேட்கலாம். குரல் பதிவு அனுப்பியவரிடம் அப்படிக் கேட்க முடியாது.

பயத்தில் இரண்டு, மூன்று கிளினிக் நாளை ஏற்கெனவே விட்டுவிட்டவர்கள் ஏச்சு விழும் என்று இன்னும் ஒதுங்கியிருக்க வேண்டாம். முதலிலிருந்து தொடங்கவேண்டியதில்லை, போட்ட ஊசி போட்டதுதான், மிச்சத்தை விட்ட இடத்திலிருந்து தொடரலாம், எந்த ஊசியை எப்போது என்று வைத்திய அதிகாரி திகதி குறித்துக் கொடுப்பார். கிளினிக் காட் தொலைந்திருந்தாலும் பரவாயில்லை. பிறப்பையும் ஊசிகளையும் பதிந்த பதிவேடு மிட்வைப்பிடம் இருக்கும். இடம் மாறி வந்தவர்கள் முன்பிருந்த பகுதியின் பெயரைச் சொன்னால் அந்தப் பணிமனையில் விசாரிக்கலாம். பதிவு எங்கேயும் கிடைக்காவிட்டால் அதையும் அப்படியே சொல்லுங்கள். எவற்றைத் திரும்பப் போடுவது என்பதை வைத்திய அதிகாரி முடிவுசெய்வார்.